ஐந்நூற்று இருபது கிலோவுக்குள் குழவி அக்கா

2008 ஜூலை 19, சனிக்கிழமை. வழக்கம்போல விடிவதற்கு முன்பே எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். வாசல் பெருக்கிக் கோலம் போட்டு, பால் காய்ச்சி, இட்லி ஊற்றி, கணவருக்கும் மகனுக்கும் தனித்தனி டப்பாக்களில் மதியச் சாப்பாடு எடுத்து வைத்தேன். கேஸை மூடினேனா என்று ஒரு முறை பார்த்தேன். செருப்பு மாட்டிய பிறகு திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்தேன். இவையெல்லாம் எல்லா நாளும் நடப்பவை. அன்று கூடுதலாக நடந்தது ஒன்றுதான். கைப்பையில் டைரிக்குப் பக்கத்தில் நீல நிற டிராக் பேன்ட் ஒன்றையும் அதே நிறத்தில் ஒரு டி-சர்ட்டையும் மடித்து வைத்தேன். நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக நான் பேன்ட் போடப்போகும் நாள் அது. அதற்குக் காரணம் குழவி அக்கா.

பெண்களின் உடம்பைப் பற்றிக் கருத்துச் சொல்லாத மனிதர் தமிழ்நாட்டில் பிறக்கவில்லை. ஆனால் ஊளைச்சதை வேறு, கெட்டிச்சதை வேறு என்று இரண்டையும் வெறும் பார்வையாலேயே பிரித்து எடை போடத் தெரிந்தவர், கடலூர் மாவட்டம் முழுவதும் தேடினாலும், குழவி அக்கா ஒருவர்தான். சாலையில் போகிற ஒரு பெண்ணை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "எழுபது கிலோ. அதுல இருபது சும்மா உக்காந்துனு இருக்குது, வாடகை குடுக்காம" என்பார். அந்தப் பெண் எந்த வீட்டு மருமகள், எங்கே போகிறாள் என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டுமே இருந்தது. மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அவர் ரெக்கார்டு செக்ஷன். தினமும் அவருடைய ஒயர் கூடையில் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை ஆகியவற்றோடு இரண்டு அம்மிக்குழவிகளும் பஸ் ஏறி வரும். ஒன்று பிறந்த வீட்டுக் குழவி, இன்னொன்று மாமியார் வீட்டுக் குழவி. வீட்டில் பாகம் பிரித்தபோது மற்ற மருமகள்கள் அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் நிற்க, இவர் குழவியை மட்டும் கேட்டாராம். இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று பயந்துபோன மாமனார் ஒரு வெள்ளிக் கிண்ணத்தையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார் என்று அலுவலகத்தில் ஒரு கதை உண்டு. மதியம் சாப்பிட்டுவிட்டு மற்றவர்கள் மேஜையில் தலை சாய்க்கும் நேரத்தில், அக்கா கைக்கு ஒரு குழவியாகப் பிடித்துத் தோளுக்கு மேலே தூக்கி இறக்கிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் கூட்ட நெரிசலில் கூடையை வாங்கி வைக்கக் கை நீட்டிய டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர், அப்படியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா, வூட்டையே பேத்து எடுத்துனு வந்துட்டியா?"

"இல்லப்பா. அம்மிய வூட்லயே வச்சிட்டுதான் வந்தேன்" என்றார் அக்கா.

அந்த வருடம் மார்ச் மாதத்தில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஜூலையில் சிதம்பரத்தில் ஊழியர்களுக்கான விளையாட்டு விழா நடக்கும். இந்த முறை பெண்களுக்கும் கயிறு இழுக்கும் போட்டி உண்டு. அணிக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரின் மொத்த எடை ஐந்நூற்று இருபது கிலோவுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் பெண்கள் மொத்தம் ஒன்பது பேர். அந்த ஒன்பதாவது ஆள் செல்வி, தற்காலிகமாக வந்து கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த பெண். மின்விசிறியை வேகமாக வைத்தால் அவள் ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளா, ஃபைல் அவளைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று தெரியாது. அவளை விட்டுவிட்டு மற்ற எட்டுப் பேரின் பெயரையும் சூப்பிரண்டு சார் எழுதிக்கொண்டார். பழைய காகிதத்தை ஏலம் விடும்போது நிறுக்கிற பெரிய தராசு ரெக்கார்டு ரூமில் இருந்தது. எட்டுப் பேரும் வரிசையாக அதில் ஏறி இறங்கினோம்.

சார் கால்குலேட்டரைத் தட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஐந்நூத்தி அம்பத்தொண்ணு. முப்பத்தொரு கிலோ ஜாஸ்திம்மா."

"யாருக்கு சார்?" என்று கேட்டாள் கேஷியர் லலிதா.

"எல்லாருக்கும் சேத்துத்தான்."

"சேத்துன்னா எப்படி சார்? என் பங்கு எவ்ளோன்னு தனியா சொல்லிடுங்க. அடுத்தவங்க தின்னதுக்கெல்லாம் நான் பட்டினி கிடக்க முடியாது."

சார் விதிமுறைகளை மதிப்பவர். விதிமுறைக்குள் அடங்காத எதையும் முதலில் கழித்துப் பார்ப்பது அவர் வழக்கம். எட்டுப் பேரில் அதிக எடை அக்காவுக்கு, எண்பத்து நான்கு. அவரை எடுத்துவிட்டுச் செல்வியைப் போட்டால் ஒரே கோட்டில் கணக்கு நேராகிவிடும். அதைத்தான் அவர் சொன்னார்.

அக்கா தராசின் மேலிருந்து இறங்கவே இல்லை. "சார், கயிறு இழுக்கறது கழித்தல் கணக்கு இல்ல. கடைசில நின்னு தாங்கறதுக்கு ஒரு ஆளு வேணும். செல்வியைக் கடைசில நிறுத்துனா கயித்தோட சேந்து அதுவும் எதிர்க்கட்சிக்குப் போயிடும். ஜூலை வரைக்கும் டைம் குடுங்க. இந்த எட்டு உடம்புலேர்ந்து முப்பத்தொரு கிலோ ஊளைச்சதையை எறக்கிக் காட்டுறேன். கெட்டிச்சதை அப்படியே நிக்கும்."

"எறங்கலைன்னா?"

"நீங்க சொன்னாப்பலயே என் பேரை அடிச்சிட்டு அந்தப் புள்ள பேரை எழுதிக்கங்க."

சார் ஒப்புக்கொண்டார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த செல்வி பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். அக்கா தோற்றால் தான் கயிற்றைப் பிடிக்க வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

அக்காவுக்கு ஏன் இந்தக் கயிற்றின் மேல் இத்தனை பிடிவாதம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கடலூரை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவர் அவர். அப்பாவும் மாமாக்களும் கரைவலைக்காரர்கள். கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கயிற்றால் இழுப்பார்கள். சிறுமியாக இருந்தபோது அக்கா போய் அந்த வரிசையின் கடைசியில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வாராம். "எங்க பெரிய மாமா பாத்துட்டாருன்னா மணலை வாரி அடிப்பாரு. பொட்டப் புள்ள புடிச்சா வலை காலியா வருமாம். மீனு வராத அன்னிக்கெல்லாம் குத்தம் என் மேலதான். நான் அன்னிக்கு இஸ்கூலுக்குப் போயிருந்தாலும் சரி." இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஐம்பது வயதுக்கு முன்னால் யாரும் அவரைக் கூப்பிட்டு, இந்தா, இழு என்று ஒரு கயிற்றைக் கையில் கொடுத்ததில்லை.

மறுநாள் முதல் நாங்கள் அவருடைய ஆட்சியின் கீழ் வந்தோம்.

முதல் சட்டம், பட்டினி கிடக்கக் கூடாது. இரண்டாவது சட்டம், சோற்றைக் குறை, மற்றதைக் குறைக்காதே. மதிய வேளையில் எங்கள் டப்பாக்களை வரிசையாகத் திறந்து வைத்து அக்கா பார்வையிடுவார். "இது இன்னா புள்ள, சோத்துக்குள்ள உருளைக்கிழங்கைப் பொதைச்சி வச்சிருக்க? மீனு எங்க? நேத்து பொரிச்சதை வூட்டுக்காரருக்குப் போட்டுட்டியா? கயிறு அவரா இழுக்கப்போறாரு?" மீன் சாப்பிடுகிறவர்கள் மத்தியும் நெத்திலியும் கொண்டுவர வேண்டும். மற்றவர்களுக்கு முட்டை. முட்டையும் தொடாத என் போன்றவர்களைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்து, தினமும் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் அவரே கொண்டுவந்து வைப்பார். முடிக்கும்வரை பக்கத்திலிருந்து நகர மாட்டார்.

லலிதா முதல் சட்டத்தை மீறினாள். யாருக்கும் சொல்லாமல் காலையில் தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீர், மதியம் வெள்ளரிக்காய், இரவு மறுபடி வெந்நீர் என்று இரண்டு வாரம் ஓட்டினாள். எடை நன்றாக இறங்கியது. பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு நடந்தாள். மூன்றாவது வாரம் ஒரு காலையில் பணப் பெட்டியின் இரும்புக் கதவை இழுத்தாள். கதவு வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். அப்போதும் கதவு இருந்த இடத்திலேயே இருந்தது, லலிதாதான் உட்கார்ந்துவிட்டாள். சம்பள நாள் அது. வரிசையில் நின்றவர்களின் முகம் வெளுத்தது.

அக்கா வந்து ஒரு கையால் கதவைத் திறந்துவிட்டு, மறு கையால் லலிதாவின் புஜத்தைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். "எறங்குனது தொப்பை இல்ல புள்ள, கை. தொப்பை அப்படியே சௌக்கியமா இருக்குது. சோறு போடலன்னா உடம்பு முதல்ல வேலைக்காரனைத்தான் வித்துத் தின்னும், திண்டுல சாஞ்சிருக்கறவனைத் தொடாது." அன்று மதியம் அவள் இரண்டு முட்டைகளை அழுதுகொண்டே சாப்பிட்டாள். அழுகை அவமானத்தால் வந்தது என்று நாங்கள் நினைத்தோம். பசியால் என்று பிறகு ஒப்புக்கொண்டாள்.

அக்கா சொன்னதெல்லாம் சரி என்று நான் எழுதினால் அது பொய்யாகும். வியர்வை என்பது உருகிய கொழுப்பு என்று அவர் உறுதியாக நம்பினார். பயிற்சி முடிந்ததும் துண்டைப் பிழிந்து, தரையில் விழும் நீரைக் காட்டி, "இதோ போது பாரு, போன தீவாளி மைசூர்பாகு" என்பார். இடது பக்கமாகப் படுத்துத் தூங்கினால் இடுப்பு குறையும் என்றார். வலது பக்கம் படுத்தால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, அதையெல்லாம் யோசிக்கவே கூடாது என்றார்.

பயிற்சி என்பது குழவியில் தொடங்கி ஃபைல் கட்டில் முடியும். காலையில் அலுவலகம் தொடங்கும் முன் ஆளுக்கு இரண்டு பழைய ஃபைல் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். வெறுமனே நடந்தால் இளைக்கலாம், ஆனால் இழுக்க முடியாது என்பது அவர் வாதம். ஒரு காலையில் தணிக்கைக்கு வந்த அதிகாரி, முன்னறிவிப்பில்லாமல் சீக்கிரமாகவே உள்ளே நுழைந்துவிட்டார். எட்டுப் பெண்கள் மூச்சிரைக்கக் கட்டுகளோடு மேலே போவதையும், அதே கட்டுகளோடு கீழே வருவதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெக்கார்டு ரூமை இடம் மாத்துறீங்களாம்மா?"

"இல்ல சார், இடுப்பை மாத்தினு இருக்கறோம்" என்று சொல்லிவிட்டு அக்கா அவரைத் தாண்டி மேலே போனார். அந்த வருடத் தணிக்கையில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு குறிப்பும் வரவில்லை. மாடிக்குப் போகப் பயந்து அவர் மேலே இருந்த எதையும் கேட்கவே இல்லை என்று சூப்பிரண்டு சார் சொன்னார்.

எடை பார்ப்பதற்கும் ஒரு சட்டம் இருந்தது. வாரத்துக்கு ஒரு முறைதான், திங்கட்கிழமை காலை, கையெழுத்துப் போட்டவுடன். அடிக்கடி ஏறினால் தராசு பொய் சொல்லப் பழகிவிடும் என்பார். அதைவிட முக்கியமானது சேலை விஷயம். "போன வாரம் வாயில் சேலை, இந்த வாரம் பட்டுன்னா எடை எப்படி ஒத்து வரும்? ஆளுக்கு ஒரு சேலை. அதே பாவாடை, அதே வளையல், அதே சாவிக்கொத்து. இருக்கறதுலயே கனமா எடுங்க. சேலை கனமா இருந்தாத்தான் மனசுல பயம் இருக்கும்." நாங்கள் கேள்வி கேட்காமல் செய்தோம். திங்கட்கிழமைகளில் எங்கள் அலுவலகம் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். மனு கொடுக்க வந்த ஒரு பெரியவர், பெண் வீட்டார் யார், மாப்பிள்ளை வீட்டார் யார் என்று பியூனிடம் விசாரித்துவிட்டுச் சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்தார்.

எடை மெதுவாகத்தான் இறங்கியது. சில வாரங்களில் இறங்கவே இல்லை. நாங்கள் சோர்ந்து போகும்போது அக்கா எங்களைத் தராசிடமிருந்து இழுத்துக்கொண்டு எதிர்க்கடை டெய்லரிடம் கூட்டிப்போவார். ஜாக்கெட்டில் உடம்புப் பக்கம் தொளதொளவென்று ஆகியிருக்கும், கைப் பக்கம் இறுக்கும். டெய்லர் ஊசியைக் காதில் செருகிக்கொண்டு, "மேடம், இத்தினி வருசமா தைக்கிறேன். பொம்பளைங்க வந்தா எல்லாப் பக்கமும் பிரிச்சி வுடச் சொல்லுவாங்க. நீங்க இடுப்பைப் புடி, கையை வுடுன்றீங்க. ஆபீஸ்ல இன்னாதான் பண்றீங்க?" என்று கேட்டார்.

"கேட்டுக்குங்க புள்ளைங்களா" என்றார் அக்கா எங்கள் பக்கம் திரும்பி. "தராசுக்கு ரெண்டும் ஒண்ணு. ஜாக்கெட்டுக்கு வேற வேற."

மே மாதத்திலிருந்து மாலை வேளைகளில் கயிற்றுப் பயிற்சி. அலுவலக வளாகத்தில் ஓடாத ஜீப் ஒன்று வேப்பமரத்தடியில் நின்றது. ஓடாத ஜீப்புக்கும் டிரைவர் ஒருவர் இருந்தார். அவரை உள்ளே உட்காரவைத்து, ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தோம். கையால் இழுக்காதே, குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய் என்று அக்கா கரையில் பார்த்துப் பழகியதைச் சொல்லிக்கொடுத்தார். கடைசி ஆளாக அவர் நின்று, கயிற்றை முதுகைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு சாய்ந்தால், எங்களுக்குப் பின்னால் ஒரு சுவர் முளைத்தது போல இருக்கும். ஜூன் கடைசியில் ஜீப் நகர்ந்தது. அதற்கு முன் ஜீப் நகர்ந்ததைப் பார்த்தே பல வருடங்கள் ஆனதால், டிரைவர் பழக்கம் இல்லாமல் கத்திவிட்டார்.

போட்டிக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை கடைசி எடை. எல்லோரும் திங்கட்கிழமைச் சேலையில் வந்திருந்தோம். சார் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். கால்குலேட்டரை நம்பாமல் காகிதத்திலும் போட்டுப் பார்த்தார்.

"ஐந்நூத்தி இருவத்தஞ்சு" என்றார். குரல் இறங்கிவிட்டது. "அஞ்சு கிலோ நிக்கிதும்மா."

அக்கா மட்டுமே ஆறு கிலோ இறக்கியிருந்தார். ஐம்பது வயதில், புஜத்தில் ஒரு நூலிழை குறையாமல் இறக்கியது அது.

"ஒரு நாள்ல அஞ்சு கிலோ எறக்கிடலாம் சார்" என்றாள் லலிதா. "நாங்க யாரும் இன்னிக்குத் தண்ணிகூடக் குடிக்க மாட்டோம்."

"வேணாம்" என்றார் அக்கா. "நாளைக்கு எட்டும் அங்க மயங்கி வுழும். பேசுனது பேசுனதுதான். என் பேரை அடிச்சிடுங்க சார்."

"ரூல் நான் போட்டதில்லம்மா."

"தெரியும் சார்."

"கோச்சா நீங்க வரணும்."

"வர்றேன் சார்." முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அக்கா அளவுக்கு அச்சடித்திருந்த டி-சர்ட்டைச் செல்வியிடம் கொடுத்தார்கள். அவள் அதைச் சுடிதாருக்கு மேலே போட்டுப் பார்த்தாள். முழங்காலைத் தாண்டியது.

சனிக்கிழமை காலை, நான் தொடக்கத்தில் சொன்னபடி, கேஸை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கிளம்பினேன். எல்லோரும் ஒரே பஸ்ஸில் சிதம்பரம் போனோம். அக்கா அதே கனமான சேலையில், முன் சீட்டில் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். சுண்டல் கிண்ணத்தை மட்டும் மறக்காமல் என்னிடம் நீட்டினார்.

மைதானம் ஒரு பள்ளிக்கூடத்தினுடையது. வகுப்பறை ஒன்றில் நாங்கள் பேன்ட்டுக்கு மாறினோம். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து முடிக்கவே நேரம் சரியாக இருந்தது. சார், சேலைகளையும் நகைகளையும் ஒரு மூட்டையாகக் கட்டிக் காவல் காத்தார். பிறகு எடை. எலெக்ட்ரானிக் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒவ்வொருவர் எடையாக எழுதிக் கூட்டினார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"ஏம்மா, லிமிட்டுக்கு முப்பத்தெட்டு கிலோ கம்மியா இருக்கீங்க. இன்னொரு சின்னப் பொண்ணையே சேத்துக்கலாம் போலருக்கே."

சார் மெஷினைச் சந்தேகப்பட்டுத் தானே ஏறிப் பார்த்தார். மெஷின் சரியாக இருந்தது. அக்காவுக்குப் பதில் செல்வி வந்ததால் முப்பத்தொன்று குறையும் என்பது நேற்றே தெரிந்த கணக்கு. அதில் அதிகப்படியாக இருந்த ஐந்து போனால் இருபத்தாறுதான் கம்மியாக இருக்க வேண்டும். மீதி பன்னிரண்டு கிலோ எங்கே போயிற்று? இரவோடு இரவாக ஏழெட்டுப் பெண்கள் பன்னிரண்டு கிலோ இளைக்க முடியாது. சார் காகிதத்தை எடுத்தார். லலிதா விரலை மடக்கினாள்.

"சேலை, சார்" என்றாள் செல்வி. அவள் அந்த வாரத்தில் பேசிய முதல் பேச்சு அது என்று நினைக்கிறேன்.

சாரின் கையில் இருந்த மூட்டையை எல்லோரும் பார்த்தோம். நான்கரை மாதமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் பட்டுச் சேலையையும் பாவாடையையும் வளையலையும் சாவிக்கொத்தையும் எங்கள் உடம்பு என்று நினைத்து நிறுத்திருந்தோம். அக்காவைச் சேர்த்தாலும் எங்கள் அணி ஐந்நூற்று இருபதுக்குள் சுகமாக அடங்கியிருக்கும். அவரை வெளியே நிறுத்தியது கொழுப்பு அல்ல, ஜரிகை. இருப்பதிலேயே கனமாக எடுங்கள் என்று சொன்னவரும் அவரேதான்.

அக்கா தன் முந்தானையைப் பிடித்து ஒரு தரம் தூக்கிப் பார்த்தார், எடை பார்ப்பதுபோல.

சார் மேஜைக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "சார், ஒரு ஆளை மாத்தணும்."

"முதல் ஆட்டம் கூப்புடறதுக்குள்ள மாத்திக்கலாம். ஆனா விளையாட்டு டிரஸ்ல வந்து எடை போடணும். சேலையோட ஏத்த மாட்டோம். இருக்குதா டிரஸ்?"

சார் எங்களைப் பார்த்தார். எங்களில் யாருடைய பேன்ட்டும் அக்காவுக்கு ஒரு கால் அளவுக்குத்தான் வரும். ஒலிபெருக்கியில் அணிகளின் பெயர்களைப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். சார் தன்னுடைய பேன்ட்டைக் குனிந்து ஒரு முறை பார்த்துக்கொண்டார். அந்த அளவுக்கு நிலைமை போயிருந்தது.

"ஒரு நிமிசம் இருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா என்னை வகுப்பறைக்குள் கூட்டிப்போனார். ஊக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மடிப்பை உருவினார். பட்டுச் சேலை முழுவதும் என் கையில் வந்து சேர்ந்தபோது, உள்ளே பாவாடைக்குப் பதிலாக நீல டிராக் பேன்ட் இருந்தது. நேற்று மாலை பேர் அடித்த பிறகு, இன்று காலை வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"காலைல குளிரிச்சி புள்ள" என்றார். "அதான்."

ஜூலை மாதம். சிதம்பரம். எனக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துக்கொண்டிருந்தது. ஆமாம் அக்கா, குளிராகத்தான் இருந்தது என்றேன்.

வெளியே செல்வி அதற்குள் சுடிதாருக்கு மாறி, அந்த டி-சர்ட்டைக் கையில் தயாராக வைத்திருந்தாள். அத்தனை சந்தோஷமாக யாரும் ஒரு வாய்ப்பை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. அக்கா மெஷினில் ஏறினார். கூட்டினார்கள். ஐந்நூற்றுப் பதினொன்று.

முதல் இரண்டு அணிகளை இழுத்துவிட்டோம். அக்கா தாளம் சொல்வதற்கு என்று எந்தப் பாட்டும் வைத்திருக்கவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தாமல், "மத்தி" என்பார். எட்டுப் பேரும் சாய்வோம். "முட்டை" என்பார். மறுபடி சாய்வோம். "சுண்டல்" என்று அவர் சொன்னது எனக்கானது. மைதானத்தைச் சுற்றி நின்றவர்களும் சேர்ந்து சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஏதோ ஓட்டலின் விளம்பரம் என்று ஒருவர் நினைத்தாராம்.

இறுதி ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு இழுப்பு வென்று, மூன்றாவது இழுப்பு வந்தது. இரண்டு பக்கமும் அசையாமல் வெகுநேரம் நின்றோம். கயிறு அசையாதபோதுதான் அதிகம் வலிக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். எனக்கு முன்னால் நின்ற லலிதா பிடியை விடவில்லை. திரும்பிப் பார்க்க முடியாது. ஆனாலும் பின்னால் அந்தச் சுவர் இருப்பது முதுகில் தெரிந்தது. கடைசியில் எங்கள் பக்கம் முன்னால் ஒரு கால் வழுக்கியது. தோற்றோம். அக்கா மட்டும் ஊன்றின குதிகாலை எடுக்காமல், மண்ணில் இரண்டு கோடுகளை உழுதுகொண்டு, தோளில் சுற்றிய கயிறு இழுத்த இழுப்புக்கு உட்கார்ந்தவாறே முன்னால் போனார். போகும்போதும் கயிற்றை விடவில்லை.

எதிரணியின் கடைசி ஆள் எழுந்து வந்து அக்காவின் புஜத்தை அமுக்கிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்குதுங்களே. இன்னா சாப்புடறீங்க?"

"அப்புறமா எழுதித் தர்றேன்" என்றார் அக்கா. அதைவிடப் பெரிய பரிசை அன்று யாரும் வாங்கவில்லை. இரண்டாம் பரிசாக ஆளுக்கு ஓர் எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். செல்விக்கு இல்லை என்றதும், அக்கா போய் மேஜை முன்னால் நின்று வாங்கி வந்தார்.

மாலை பஸ்ஸில் எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அக்கா உட்கார்ந்தார். மறுபடி சேலைக்கு மாறியிருந்தார். கீரப்பாளையம் வரை எதிரணி எங்கே தப்பு செய்தது என்று விளக்கிக்கொண்டு வந்தார், ஜெயித்தது அவர்கள்தான் என்பதை மறந்து. பிறகு கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் உரிந்து சிவந்திருந்தது. "எங்க பெரிய மாமா பாத்திருக்கணும்" என்றார். புவனகிரிப் பாலம் தாண்டியபோது பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். தூங்கிவிட்டார். தலை முதலில் ஜன்னல் பக்கம் சாய்ந்தது, ஒரு பள்ளத்தில் பஸ் குதித்தபோது இந்தப் பக்கம் வந்து என் வலது தோளில் விழுந்தது. தலைக்குப் பின்னால் உடம்பும் வந்தது. கடலூர் வரை நான் அசையவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கயிறு இழுத்த வலி உள்ளங்கையில் இருந்தது. தோளில் இருந்த வலி வேறு, அது பஸ்ஸில் வந்தது. எழுந்ததும் முதல் வேலையாக அலமாரியைத் திறந்து தைலத்தை எடுத்தேன். மூடியைத் திருகிக் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அந்தத் தோள்வலி இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.